கல்லடியும் கண்ணடியும்

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்களிடம் லாரி இல்லை. இருந்திருந்தால், அதுவும் மாதத் தவணையில் வாங்கிய லாரியாக இருந்திருந்தால், வரிசையை மாற்றிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கண்ணடிக்கு எதிராக ஒரு புது லாரியில் செய்யப்படும் ஏற்பாடுகளுக்குக் குறைவே இல்லை. முகப்பில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும், பம்பரில் கறுப்புக் கயிறு, பின்னால் நாக்கைத் தொங்கவிட்ட அரக்கன் முகம், அதற்கும் கீழே பழைய செருப்பு ஒன்று. பூஜை போட்ட அன்று சக்கரங்களுக்கு அடியில் நசுங்க எலுமிச்சம்பழங்கள் தனி. ஆனால் மறுநாள் காலை சாலைக்கு வந்ததும் வண்டியின் மேல் படப்போவது கண் அல்ல, கல்.

நான் குடியிருக்கும் குகட்பள்ளி, ஹைதராபாத்தின் வடமேற்கில், புனேயிலிருந்து மச்சிலிப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்பு 9 என்ற எண் கொண்டிருந்த அந்தச் சாலைக்கு இப்போது எண் 65. உள்ளூர்க்காரர்களுக்கு இன்னமும் அது பம்பாய் ரோடுதான். 2017 நவம்பரிலிருந்து தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடுகிறது. நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிவட்டச் சாலை போடப்பட்டபின், ஊரைத் தாண்டிப் போகிற லாரிகளுக்குக் குகட்பள்ளிக்குள் வேலை இல்லை. மிச்சமிருப்பவை ஊருக்காகவே ஓடும் வண்டிகள். முக்கியமாக, டிப்பர்கள். நாற்பது மாடிக் கட்டடம் எழும்புவதற்கு முன் அதன் அடித்தளத்துக்காகப் பாறையை உடைக்க வேண்டும். ஹைதராபாத் நிற்பதே கருங்கல்லின் மேல். உடைத்த பாறை ஒரு பக்கம் வெளியே போகிறது, ஜல்லி இன்னொரு பக்கம் உள்ளே வருகிறது. தெலுங்கில் அதற்குக் கங்கர என்று பெயர். இரவு பத்து மணிக்கு மேல் பம்பாய் ரோட்டில் நின்றால் இரண்டு மொழியிலும் அது தார் மேல் உருளும் சத்தம் கேட்கும்.

எங்கள் தெருவில் சங்ககிரிக்காரர் ஒருவர் இருக்கிறார். லாரி பாடி கட்டுவதற்குப் பெயர்போன சேலம்-நாமக்கல் வட்டாரத்திலிருந்து வந்து, இங்கே இரண்டு வண்டி ஓட்டுகிறார். இரண்டாவது வண்டி புதிது. பாடியோடு சேர்த்து நாற்பது லட்சத்தைத் தாண்டியது. வாங்கிய மூன்றாம் வாரம், வண்டியின் மூக்குக்குக் கீழே குனிந்து விரலால் எதையோ தடவிக்கொண்டிருந்தார். கடுகளவு வெள்ளைப் புள்ளிகள், ஏழெட்டு இருக்கும். "பெயின்ட்தானே, எல்லா வண்டிக்கும் நடப்பதுதானே?" என்றார் பக்கத்தில் நின்ற மளிகைக் கடைக்காரர். இவர் நிமிர்ந்து பார்த்து, "அது பெயின்ட் இல்லீங்க, இ.எம்.ஐ.ங்க" என்றார்.

மொழிபெயர்ப்பவனுக்கு இந்தப் புள்ளிக்குத் தமிழில் என்ன சொல் என்ற கவலை வந்துவிடும். ஆங்கிலத்தில் சிப் என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அதே சொல், கம்ப்யூட்டருக்குள் இருப்பதற்கும் அதே சொல். தமிழில் சில்லு என்று எழுதலாம், அகராதி ஒப்புக்கொள்ளும். பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "பெயின்ட் தெறிச்சிருக்கு" என்பார்கள். அல்லது, இன்னும் சுருக்கமாக, "கல்லடி". நான் அதையே வைத்துக்கொள்கிறேன். சில்லு என்பது விழுந்த துண்டின் பெயர். கல்லடி என்றால் அடித்தது யார் என்பதும் சேர்ந்து வந்துவிடுகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஷோரூமில் நிற்கும் புது லாரி உண்மையில் புதிதா? கார்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். கனரக லாரிகளோ பெரும்பாலும் தங்கள் சக்கரத்திலேயே ஓடி வருகின்றன. கேபின் இல்லாத வெறும் சேஸிஸ் மேல், வெயிலுக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு அல்லது ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓட்டுநர்கள் வரிசையாகப் போவதை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். ஓசூரில் தயாரான வண்டி ஹைதராபாத் வர ஏறக்குறைய 600 கிலோமீட்டர். ஜாம்ஷெட்பூரிலிருந்து என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கிருந்து பாடி கட்டுகிற ஊருக்குப் போய்த் திரும்புவது தனிக் கணக்கு. ஆக, மாலை போடப்படும் நாளிலேயே அந்த வண்டி சில நூறு கிலோமீட்டர் கல்லடி பட்டு வந்திருக்கிறது. டெலிவரி எடுக்கும்போது சாவியையும் இனிப்புப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறோம். அதற்கு முன் பத்து நிமிடம், ஒரு டார்ச் விளக்கோடு கேபினின் கீழ் விளிம்பு, படிக்கட்டு, சக்கர வளைவுகள், டீசல் டேங்கின் முன்பக்கம் ஆகியவற்றைப் பார்த்து, இருப்பதை எழுதி டீலரிடம் கையெழுத்து வாங்குவது நல்லது. கையெழுத்துப் போட்டபின் சொன்னால், "நீங்க ஓட்டினதுல வந்தது சார்" என்ற பதில் தயாராக இருக்கும்.

இனி பெயின்ட். தொழிற்சாலையில் கேபினை முழுதாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, இரும்பின் ஒவ்வொரு இடுக்கிலும் முதல் பூச்சு ஒட்டும்படி செய்கிறார்கள். அதைச் சூளையில் சுடுகிறார்கள். அதற்கு மேல் பிரைமர், நிறம், பல வண்டிகளில் பளபளப்புக்கு நிறமற்ற மேல்பூச்சு. இத்தனை அடுக்கும் சேர்ந்து மொத்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதற்குச் சற்று மேல். சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ விஜயவாடா ஆட்டோநகரிலோ கட்டப்படும் பாடிக்கு இந்தச் சூளை கிடையாது. அங்கே ஸ்ப்ரே துப்பாக்கியும் வெயிலும்தான். எனவே ஒரே லாரியில் இரண்டு விதமான பெயின்ட் இருக்கிறது: முன்னால் சுட்டது, பின்னால் காய்ந்தது. காய்ந்தது தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடும். உள்ளுக்குள் முழுதாக இறுகுவதற்கு வாரங்கள் ஆகும். பாடி கட்டி வந்த அன்றே லோடு ஏற்றி அனுப்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், தவணை காத்திருக்காது. ஆனால் அந்தச் சில வாரங்களில் படுகிற அடிதான் ஆழமாகப் பதிகிறது. முதல் மாதம் அந்த வண்டிக்கு ஜல்லி, செங்கல் லோடு தராமல் மூட்டை லோடாகப் பிடிக்க முடிந்தால் உத்தமம்.

கல் எப்படி அடிக்கிறது என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. முன்னே போகும் வண்டி நம் மேல் கல்லை எறிகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது கல்லைக் கிளப்பி மட்டும் விடுகிறது. அந்தரத்தில் தொங்கும் அந்தக் கல்லின் மேல் நாம் போய் மோதுகிறோம். வேகம் நம்முடையது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறவர் 80-க்கு ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அடியின் பலமோ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பெயின்ட் கம்பெனிகளுக்கும் இது தெரியும். எஸ்.ஏ.இ. ஜே400 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. பெயின்ட் அடித்த தகட்டின் மேல், சுமார் ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கூழாங்கற்களை அழுத்தக் காற்றால் சுடுகிறார்கள். பிறகு ஒட்டுநாடாவை ஒட்டிப் பிய்த்து, எத்தனை இடத்தில், எந்த அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். ஒன்றுமே பெயராத பெயின்டுக்கான சோதனை அல்ல அது. எவ்வளவு பெயர்ந்தது என்று அளப்பதற்கான சோதனை.

குகட்பள்ளியில் இந்தக் கவலைக்கு மருந்து விற்கும் கடைகள் ஏராளம். சாலையோரம் கண்ணாடிச் சுவர்களும் வெள்ளை விளக்குகளுமாக, உள்ளே கார்கள் ஆபரேஷன் தியேட்டரில் போல நிற்கும். ஒரு காலத்தில் டெஃப்லான் கோட்டிங் என்றார்கள், இப்போது செராமிக் என்கிறார்கள். இவையெல்லாம் மெல்லிய பூச்சுகள். தண்ணீர் ஒட்டாது, தூசி எளிதில் கழுவப்படும், வெயிலில் நிறம் மங்குவது குறையும். கல்லை நிறுத்தாது. கல்லின் வேகத்தை உண்மையிலேயே வாங்கிக்கொள்வது பாலியூரித்தேன் பிலிம் மட்டுமே. வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் விசிறிகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க அமெரிக்கர்கள் கையாண்ட நாடாவின் வாரிசு அது. பெயின்டைவிடக் கனமானது, ரப்பர்போல இழுபட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் ஒரு நடுத்தரக் காருக்கு முழுக்க ஒட்டவே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. லாரிக்கு முழுக்க ஒட்டுவது பைத்தியக்காரத்தனம். அடி படுகிற இடங்களுக்கு, அதாவது முகப்பின் கீழ்ப் பாதி, கதவுக்கு முன்னுள்ள தூண்கள், கதவின் கீழ் விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டினால் அர்த்தம் இருக்கிறது. சேஸிஸுக்கும் சக்கர வளைவுக்கும் ரப்பர் கோட்டிங் அடிப்பது பழைய வைத்தியம், மலிவானது, பலன் தருவது. அடிப்பதற்குமுன் நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைக்க வேண்டும். ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு கூட்டம் முன்னால் கனத்த இரும்புக் கம்பி கார்டு மாட்டிவிட்டால் போதும் என்கிறது. கம்பிக்கு இடையே கல் வராதா என்ற கேள்வி இருக்கட்டும். வண்டிகளின் முன்னே மாட்டும் இத்தகைய கார்டுகள் சட்டவிரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதினால் எதிரே நடந்து வருகிறவரின் எலும்பை அது என்ன செய்யும் என்பதுதான் காரணம். நம் பெயின்டுக்காக அந்த விலை வேண்டாம்.

இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கல் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. அது இன்னொரு வண்டியிலிருந்து வருகிறது. டிப்பரின் பின்கதவு சரியாக மூடவில்லை, மேலே தார்ப்பாய் இல்லை, விளிம்புக்கு மேல் கூம்பாக ஜல்லி. ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒரு கைப்பிடி சாலையில் விழுகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு அதுதான் இரவு முழுக்க. 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, சரக்கை மூடிய பாடியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும், திறந்த வண்டியானால் தார்ப்பாயோ வேறு தகுந்த மூடியோ போட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். தேசிய பெர்மிட் லாரிகள் காய்ந்த இலையின் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற பழைய விதிக்கு முடிவு கட்டியதும் அந்தத் திருத்தம்தான். நிறம் பற்றிய விடுதலையை ஓனர்கள் உடனே அனுபவித்துவிட்டார்கள். தார்ப்பாய் பற்றிய கட்டளை அவ்வளவு வேகமாகப் பரவவில்லை. குகட்பள்ளியில் நான் பார்க்கும் பல டிப்பர்களில் தார்ப்பாய் உண்டு. கேபினுக்குப் பின்னால் சுருட்டி, அழகாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, மட்பிளாப். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் அந்த ரப்பர் தட்டி என் வண்டிக்கு ஒரு நன்மையும் செய்வதில்லை. என் பின்னால் வருகிறவரைக் காக்கிறது. எனவே கிழிந்தால் மாற்றுகிறவர் குறைவு. மூன்றாவது, பின்சக்கரம். லாரியின் பின்னால் டயர்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். அந்த இடுக்கில் முட்டையளவு கல் மாட்டிக்கொண்டால், வேகம் ஏறும்போது அது கவண்கல்லாகப் புறப்படும். பெயின்டோடு நிற்காது, கண்ணாடியை உடைக்கும், பைக்கில் வருகிறவரின் உயிருக்கே ஆபத்து. முன்பெல்லாம் டீக்கடையில் வண்டி நின்றதும் கிளீனர் பையன் இறங்கி, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே சுற்றி வருவான். காற்று குறைந்திருக்கிறதா என்பது சத்தத்தில் தெரியும், இடுக்கில் கல் இருந்தால் கண்ணில் படும். இன்று பல லாரிகளில் கிளீனர் இல்லை. ஓட்டுநர் ஒற்றை ஆளாக ஓட்டுகிறார், டீ குடிக்கிறார், தூங்குகிறார். ஒரு சம்பளம் மிச்சம் என்று ஓனர் கணக்குப் பார்க்கிறார். அந்த மிச்சம் பின்னால் வருகிறவரின் முகப்பில் புள்ளி புள்ளியாக விழுகிறது. அவரும் தன் கிளீனரை நிறுத்தியவராகத்தான் இருப்பார்.

அடி பட்டபின் செலவு யாருடையது? இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். சரக்கு வாகன பாலிசியை எடுத்து வாசித்துப் பாருங்கள். விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பம்பர், பெயின்ட் ஆகியவற்றுக்கான சேதம், வண்டியே முழுதாகப் போனால் ஒழிய, சாதாரண பாலிசியில் சேராது. ஐ.எம்.டி. 23 என்ற பிரிவைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால், முதல் லாரி வாங்குகிறவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. சேர்த்தாலும், கடுகளவு புள்ளிக்காக கிளெய்ம் போட்டு, கிளெய்ம் இல்லாத வருடத்துக்கான தள்ளுபடியை இழப்பது புத்திசாலித்தனம் அல்ல.

அதனால் சில ஓனர்கள் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்: டிரைவரின் படியில் பிடித்துக்கொள்வது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. முன்வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிற டிரைவர் உண்டு, அவரைக் கண்டிக்கலாம். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்குள் சரக்கு இறங்க வேண்டும், பகலில் நகரத்துக்குள் தடை நேரம் என்று விரட்டுவதும் அதே ஓனர்தான். இடைவெளி விட்டு ஓட்டுவதற்கு நேரம் வேண்டும். நேரத்தைக் கொடுக்காமல் இடைவெளியை மட்டும் கேட்க முடியாது. சங்ககிரிக்காரர் தன் டிரைவரிடம் இதுபற்றிப் பேசியதைக் கேட்டேன். "முன்வண்டில டிப்பர்னு தெரிஞ்சா ஓரங்கட்டி ஒரு டீயைக் குடிச்சுட்டு வா கண்ணு, லேட்டானா நான் பார்த்துக்கறேன்" என்றார். "சரிங்கண்ணா" என்றான் அவன். டீக்காசு தனியாகக் கொடுத்தார்.

எத்தனை இடைவெளி விட்டாலும் கல்லடி பட்டே தீரும் என்பதால், பட்டபின் செய்வதுதான் மிச்சம். இதில் நாள் கணக்கு முக்கியம். புள்ளியைத் துடைத்துப் பாருங்கள். அடியில் சாம்பல் நிறம் தெரிந்தால் முதல் பூச்சு பிழைத்திருக்கிறது, அவசரம் இல்லை. பளிச்சென்று இரும்பு தெரிந்தால் அன்றைக்கே மூட வேண்டும். பழுப்பு தெரிந்தால் ஏற்கெனவே தாமதம். துரு புள்ளியில் நிற்பதில்லை. பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும், மேலே கொப்புளம் எழும்பும்போதுதான் நமக்குத் தெரியும். பம்பாய் ரோட்டின் மறுமுனையில் மச்சிலிப்பட்டினம், கடற்கரை. உப்புக் காற்றில் இரண்டு நாள் நின்று திரும்பும் வண்டிக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். புது வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். எஃப்.சி.க்கு முன் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களில் வாடகை வராது, தவணை மட்டும் வரும். விற்கப் போனால் புரோக்கர் முதலில் தட்டிப் பார்ப்பதும் அந்தக் கேபின் விளிம்பைத்தான்.

மூசாப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பெயின்டர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல், எல்லாருக்கும் அவர் உஸ்தாத். சங்ககிரிக்காரர் வண்டியை நிறுத்தியதும் ஸ்ப்ரே துப்பாக்கியைத் தொடவே இல்லை. புள்ளியின் துருவை உப்புத்தாளின் ஒரு மூலையால் சுரண்டினார். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டார். பிறகு ஒரு தீக்குச்சியின் மருந்தில்லாத முனையில் பிரைமரைத் தொட்டு, குழியில் மட்டும் வைத்தார். அது காயும் வரை பீடி. அதன்பின் நிறம், மெல்லியதாக இரண்டு முறை. பட்டறையில் ஏன் முழுப் பலகையையும் அடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் தக்கனி உருதுவில் சொன்னார், தமிழாக்கம் என்னுடையது: "தொழிற்சாலை பெயின்ட் அடியில் நன்றாக இருக்கும்போது அதை ஏன் தேய்த்து எடுக்க வேண்டும்? என்னால் அதுபோல அடிக்க முடியாது. யாராலும் முடியாது." சந்தில் கடை வைத்திருக்கிற ஒருவர் வியாபாரத்துக்கு எதிராக இப்படிப் பேசுவது அபூர்வம்.

கிளம்பும்போது உஸ்தாத் கேபினில் ஒட்டியிருந்த நிறக் குறியீட்டு எண்ணைப் பார்த்து, "அண்ணா, இந்த நம்பருக்கு இப்போதே கலக்கி வைத்துக்கொள்ளுங்கள், நாலு வருடம் கழித்து இந்த நிறத்தை கம்பெனி நிறுத்தியிருப்பான்" என்றார். சங்ககிரிக்காரர் கலக்கி வாங்கினார். நூறு மில்லி நிறம், ஐம்பது மில்லி பிரைமர். இரண்டும் இப்போது இருமல் மருந்து பாட்டில்களில், ஒரு தீப்பெட்டியோடும் உப்புத்தாள் துண்டோடும், டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கின்றன. ஆறு மாதத்தில் முகப்பில் பத்தொன்பது புள்ளிகள் மூடப்பட்டிருக்கின்றன. மதிய வெயிலில் கிட்டே போய்ப் பார்த்தால் எண்ணிவிடலாம், நிறம் ஒரு இழை கூடுதல்தான்.